ஒன்பதரை அங்குலம்

முதல் புரோக்கர் வந்த அன்று எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தைத் தாண்டிக் குதித்த மனிதர் நேராக என் இஸ்திரிக் கடைக்கு முன்னால் வந்து நின்றார். எனக்கு யாரைப் பார்த்தாலும் சட்டைதான் முதலில் கண்ணில் படும், முகமெல்லாம் அப்புறம். இருபது வருஷம் இஸ்திரி போட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அவர் போட்டிருந்தது விலை உயர்ந்த சட்டை. ஆனால் காலரையும் முன்பக்கத்தையும் தேய்த்தவர்கள் முதுகை அப்படியே சுருக்கத்தோடு விட்டிருந்தார்கள். சென்ட் வாசனை வேறு, நான் மடித்து வைத்திருந்த துணியிலெல்லாம் ஏறிவிடுமோ என்று பயமாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரர்கள் அவசரத்தில் விற்கிறார்களா, நிதானமாக விற்கிறார்களா என்று என் வாயைப் பிடுங்கப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். பச்சைப் பொய். எதிர்வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தால் அது அந்த வீட்டுக்காரர்களுக்கும் தெரியாததாகத்தான் இருக்கும்.

எதிர்வீடு மேஸ்திரி வீடு. மேஸ்திரி தன் கையாலேயே கட்டியது. வாரம் ஆறு நாள் ஊராருக்குக் கட்டுவார், ஏழாவது நாள் தனக்குக் கட்டுவார். அப்படி நாலு வருஷம் இழுத்து முடித்த வீடு. இடம் சின்னது என்பதால் மேலே தூக்கிக் கட்டிவிட்டார். கீழே ஒரு முன்னறை, அதற்குப் பின்னால் அவருடைய சாமான் அறை, அவ்வளவுதான். சமையல், படுக்கை, குளியல் எல்லாம் மாடியில். சாமான் அறையில் பலகை, முட்டுக்கட்டை, இரும்புச் சட்டி, கயிறு என்று வேலை நிறுத்தி ஆறு வருஷமாகியும் அடைத்து வைத்திருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேஸ்திரிக்கு ஊரில் பெயரே படிக்கட்டில்தான். சுவர் எழுப்ப யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், படி போட மட்டும் அவரைத் தேடி வருவார்கள். அவர் போட்ட படியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம், கால் தானாக அடுத்த படியைக் கண்டுபிடித்துவிடும் என்பார்கள். அவர் வீட்டுப் படியில் மட்டும் நான் மூன்று தடவை முழங்கால் இடித்திருக்கிறேன். மொத்தம் பதின்மூன்று படி. ஏறி முடித்தால் மூச்சு வாங்கும். என்ன அக்கா இது, ஏணி மாதிரி இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டதற்கு, அக்கா, அதாவது மேஸ்திரியின் மனைவி, சிரித்துக்கொண்டே சொன்னார், "உனக்கும் என்னை மாதிரி கால் குட்டை தங்கச்சி. அவர் அப்படித்தான் சொல்லுவாரு."

இருபத்தெட்டு வருஷம் அந்தக் குட்டைக் கால்கள் அந்தப் படியில் ஏறி இறங்கின. குடிதண்ணீர் கீழ்க்குழாயில் வரும், குடம் குடமாக மேலே போகும். அரிசி, காய்கறி, எரிவாயு உருளை, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மகள், எல்லாம் அதே வழிதான். போன வருஷம் அக்கா வலது முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மாத்திரையெல்லாம் அப்புறம், முதலில் படி ஏறாத வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்படி ஒரு வீடு கிடைக்கவும் செய்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பவுண்டரின் தரைத்தள வீடு. இரண்டு அறை, சமையலறை, பின்வாசலில் துணி துவைக்க இடம். வாசலில் ஒரே ஒரு படி. கம்பவுண்டர் மகனிடம் போய்த் தங்கப் போகிறார். ஐம்பத்தெட்டு லட்சம், பத்திர எழுத்துச் செலவெல்லாம் சேர்த்து அறுபது வேண்டும். மேஸ்திரியின் மேல் உள்ள மரியாதைக்காக நாலு மாதம் வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, நாலு மாதத்துக்குள் எதிர்வீடு அறுபதுக்குக் குறையாமல் போக வேண்டும். போகாவிட்டால் அக்கா அந்தப் பதின்மூன்று படியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

சென்ட்டுக்காரர் மாடிக்கு ஏறி, மூச்சு வாங்கியதை மறைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து மூடி, சுவரைத் தட்டி, "தொண்ணூறு" என்றாராம். மேஸ்திரி என் கடைக்கு வந்து அந்த எண்ணை மூன்று முறை சொன்னார். அவருக்குக் காசு ஆசை கிடையாது. வீட்டைத் தட்டிப் பார்த்து ஒருவர் பெரிய எண்ணாகச் சொன்னதில் மனுஷனுக்குக் கால் தரையில் படவில்லை. இரண்டு மாதத்துக்கு வேறு எந்தப் புரோக்கரிடமும் போகமாட்டோம் என்று அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அக்காவுக்கு மட்டும் அந்த எண் இறங்கவில்லை. மூன்றாவது வீடு எவ்வளவுக்குப் போனது, மூலை வீடு எவ்வளவுக்குப் போனது என்று என்னிடம் கேட்டார். சொன்ன விலை எனக்குத் தெரியும், முடிந்த விலை தெரியாது. "அது ரெண்டும் வேற வேறயா?" என்று கேட்டுவிட்டு அக்கா யோசனையில் ஆழ்ந்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலமானால் என் கடை முக்காலியில் வந்து உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் யார் வீடு என்ன விலைக்கு முடிந்தது என்று விசாரிப்பார்.

இரண்டு மாதத்தில் ஒரே ஒரு குடும்பம் வந்தது. மாடிவரை போகாமல் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டது. சென்ட்டுக்காரர் தொண்ணூறை எண்பதாக்கினார், எண்பதை எழுபதாக்கினார். ஒவ்வொரு முறையும் சந்தை சரியில்லை என்று யார் வீட்டிலோ துக்கம் நடந்துவிட்ட குரலில் சொல்வார். கடைசியில் ஒரு கட்டடக்காரரைக் கூட்டி வந்தார். கட்டடக்காரர் உள்ளேகூட வரவில்லை. தெருவில் நின்றபடியே அகலத்தைக் கண்ணால் அளந்து, இடிக்கிற செலவு போக ஐம்பது என்றார். மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை.

கட்டடக்காரர் போனபிறகு சென்ட்டுக்காரர் என் கடை நிழலில் நின்று யாரிடமோ போனில் பேசினார். நான் ஒட்டுக் கேட்கவில்லை. என் காதுக்கு எதிரில் வந்து நின்று பேசினால் நான் என்ன செய்வது?

"எடுத்ததும் பெருசா ஒண்ணு சொல்லிடணும். அப்பதான் கையெழுத்துப் போடுவாங்க. ரெண்டு மாசம் ஆறப் போட்டா அவங்களே இறங்கி வருவாங்க. இந்தக் கிழவன் இன்னும் ஒரு வாரத்துல ஐம்பதுக்கு வந்துருவான்."

நான் கையில் இருந்த வேட்டியைப் பாதியில் விட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். முழங்காலை இன்னொரு முறை இடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை விடாமல் அக்காவிடம் ஒப்பித்தேன். அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "அப்படியா செய்யுறாங்க?" என்று புதுச் சமையல் குறிப்பு கேட்டதுபோல் கேட்டுக்கொண்டார். மேஸ்திரிதான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தாளில் போட்ட கெடு அந்த வாரத்தோடு முடிந்தது. சென்ட்டுக்காரர் அடுத்த முறை வந்தபோது அக்கா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது புரோக்கர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சட்டை, தானே வீட்டில் தேய்த்தது, ஆனால் முதுகும் தேய்த்திருந்தது. எனக்கு அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. கைப்பையில் ஒரு இரும்பு டேப்பைச் சாவிக்கொத்துபோல மாட்டியிருந்ததால் அவருக்கு நான் டேப்பம்மா என்று பெயர் வைத்தேன். வந்தவர் விலையே சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அளந்தார். அறையை அளந்தார், ஜன்னலை அளந்தார், தெருவின் அகலத்தை அளந்தார். அக்கா அவருக்குப் பின்னாலேயே நொண்டிக்கொண்டு, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் போனேன். மடித்த துணி கொடுக்கப் போகிற சாக்கு எனக்கு எப்போதும் உண்டு.

கடைசியில் முன்னறையில் உட்கார்ந்து டேப்பம்மா நோட்டைத் திறந்தார். இந்தத் தெருவில் ஒன்றரை வருஷத்தில் மூன்று வீடு கைமாறியிருக்கிறது. கேட்டது என்ன, முடிந்தது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அக்கா இரண்டு மாதமாக முக்காலியில் உட்கார்ந்து சேகரித்த கணக்கோடு அது ஏறக்குறைய ஒத்துப்போனது. அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு பெருமையைப் பார்த்தேன்.

"இடத்துக்கு ஐம்பத்திரண்டு வரும்" என்றார் டேப்பம்மா.

"கட்டடத்துக்கு?" மேஸ்திரி கேட்டார்.

"கட்டடத்துக்கு ஒண்ணும் வராதுங்க."

மேஸ்திரி எழுந்துவிட்டார். இந்தச் சுவரில் ஒரு விரிசல் காட்டச் சொன்னார். கூரையில் ஒரு சொட்டு ஒழுகல் காட்டச் சொன்னார். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை நடை மணல், நாலு வருஷத்து ஓய்வு நாள் மொத்தம் எத்தனை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டேப்பம்மா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"கட்டடம் கெட்டின்னு எனக்குத் தெரியுதுங்க. ஆனா இதுல யார் குடியிருப்பாங்க? வயசானவங்க ஏற முடியாது, குழந்தை வெச்சிருக்கறவங்க பயப்படுவாங்க. குடியிருக்க ஆள் வரலைன்னா இடிக்கறவன்தான் வருவான். இடிக்கறவனுக்குச் சுவர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நஷ்டம்."

"ஏன் ஏற முடியாது?" என்று அக்கா கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

டேப்பம்மா ஆச்சரியமாக அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் டேப்பை இழுத்து முதல் படியில் வைத்தார். "ஒன்பதரை அங்குலம்." அடுத்த படி. "ஒன்பதரை. ஏழுக்கு மேல போகக் கூடாதுங்க இது. எல்லாம் ஒன்பதரைதான். மேல கடைசிப் படி மட்டும் பத்து."

அக்கா டேப்பம்மாவின் கையிலிருந்து டேப்பை வாங்கி, கஷ்டப்பட்டுக் குனிந்து, தானே ஒருமுறை அளந்து பார்த்தார். நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தார்.

"எனக்குக் கால் குட்டைன்னுல்ல சொன்னீங்க?"

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க" என்று மேஸ்திரி தரையைப் பார்த்துச் சொன்னார்.

அந்தக் காலத்தில் அவர் போட்ட படிகள் ஊர் முழுக்க இருக்கின்றன. நானே ஏறியிருக்கிறேன். அக்காவும் ஏறியிருக்கிறார். அதை அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை. டேப்பை டேப்பம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, படியை மாற்றினால் என்ன விலை வரும் என்று கேட்டார். அறுபத்துநாலு சொல்லலாம், அறுபத்திரண்டுக்கு முடியும் என்று டேப்பம்மா சொன்னார். ஆனால் படியை இடித்துப் போடுவதென்றால் ஆள்கூலியும் நாளும் ஆகும், யோசித்துச் சொல்லுங்கள் என்று கிளம்பினார்.

மேஸ்திரி யோசிக்கவில்லை. மறுநாள் காலை நான் கடை திறக்கும்போதே எதிர்வீட்டில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. அறுபத்துநாலு வயதில் மனுஷன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழாகத் தன் படியைத் தானே உடைத்துக்கொண்டிருந்தார். பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் கம்பி வெட்டுவதற்கு வந்தார்கள். கூலி வேண்டாம் என்றார்கள், மேஸ்திரி வீட்டுப் படியை உடைக்கிற சுகமே போதும் என்று ஒருவர் சொன்னார். முன்னறையில் ஒற்றை அடுப்பு வைத்து அக்கா சமைத்தார். குளிக்க மட்டும் என் வீட்டுக்கு வருவார்.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டும்போதுதான் அக்கா பேசுவார். எனக்கு ஒரு சந்தேகம், கேட்கட்டுமா என்று ஆரம்பிப்பார். ஊருக்கெல்லாம் ஏழு அங்குலம் போட்ட கை, வீட்டுக்கு மட்டும் ஏன் ஒன்பதரை போட்டது? வேண்டுமென்று போட்டிருக்க மாட்டார், அவ்வளவு கெட்ட மனுஷன் இல்லை. தெரியாமல் போட்டிருக்கவும் மாட்டார், அவ்வளவு மடையனும் இல்லை. அப்புறம் என்னவாக இருக்கும்? நேராகக் கேளுங்களேன் என்றேன். "அவரே சொல்லணும்" என்றார். இருபத்தெட்டு வருஷமாகத் தன் காலைக் குறை சொல்லிக்கொண்டு வாழ்ந்தாயிற்று, இனிமேல் அதை அவர் வாயால்தான் எடுத்துப்போட வேண்டும் என்று சொன்னபோது அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மேஸ்திரிமேல் கோபமாக இருந்தது.

பதில் கிடைத்த விதம் வேறு. படியைத் தாழ்த்த வேண்டுமென்றால் நீளம் வேண்டும். பதின்மூன்று படி பதினெட்டு ஆக வேண்டும், அதற்கு அடியில் மூன்று நாலு அடி கூடுதலாக இடம் தேவை. அந்த இடம் சாமான் அறையில்தான் இருந்தது. மேஸ்திரி ஒரு நாள் முழுக்க வாசலில் நின்று யோசித்துவிட்டு, பலகைகளை வெளியே எடுத்துப்போடத் தொடங்கினார். கூட்டாளிகளுக்குக் கொஞ்சம், பழைய இரும்புக்காரனுக்குக் கொஞ்சம் என்று இரண்டே நாளில் அறை காலியானது. பலகைகளுக்குப் பின்னால் பூசாத செங்கல் சுவர் தெரிந்தது. அதன்மேல் சிவப்பு வண்ணத்தில் கோடுகள் இருந்தன. படி போடுவதற்கு முன்னால் சுவரில் வரைகிற அளவுக் கோடுகள். கீழிருந்து ஐந்து படி தெரிந்தது. அதற்கு மேல் உள்ளவை நடுவே எழுப்பிய சுவருக்குள் போயிருந்தன.

அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்க்க டேப்பம்மா வந்திருந்தார், அவரிடம் டேப்பை வாங்கி நானே அளந்தேன். ஏழு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. அக்கா தன் கைவிரலால் அந்தக் கோடுகளைக் கீழிருந்து மேலே தடவிக்கொண்டே போனார். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் கால்களுக்கென்று சரியான படியை அவர் வரைந்துதான் வைத்திருந்தார். பிறகு பலகை வைக்க அறை போதவில்லை என்று குறுக்கே சுவரை நகர்த்திவிட்டு, மிச்சம் கிடைத்த இடத்துக்குள் படியை நிமிர்த்திச் செருகியிருக்கிறார்.

மேஸ்திரி கலவைச் சட்டியோடு உள்ளே வந்தார். நாங்கள் மூன்று பெண்கள் சுவருக்கு முன்னால் நிற்பதைப் பார்த்ததும் நின்றார்.

"இது என்னங்க?" என்றார் அக்கா.

"பழைய கோடு" என்று சொல்லிவிட்டுக் கலவையை அள்ளி அதன்மேல் வீசினார். ஐந்து கோடும் பூச்சுக்குள் மறைந்தன. அக்கா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் சாதம் குழைந்துவிட்டது என்று மறுநாள் தெரிந்துகொண்டேன். அக்கா சாதம் குழைய விட்டதாக எனக்கு நினைவில்லை.

பலகை பிரித்து, தண்ணீர் ஊற்றி ஆறப்போட்டு, எல்லாம் முடிய ஒரு மாதம் ஆனது. படியென்றால் அப்படி ஒரு படி. நடுவில் ஒரு திருப்பம், திருப்பத்தில் நின்று மூச்சுவிட ஒரு தளம், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. நான் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். மேலே போய்ச் சேர்ந்ததே தெரியவில்லை. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மேஸ்திரி கீழே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்போல. அக்கா, "கம்பிக்கு இன்னொரு கை வண்ணம் அடிச்சிருங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பத்து நாளில் நாலு குடும்பம் வந்தது. டேப்பம்மா மேஸ்திரிக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார், வருகிறவர்களிடம் சிமெண்ட் மூட்டைக் கணக்கெல்லாம் சொல்லக் கூடாது. அதனால் ஆள் வரும்போதெல்லாம் மேஸ்திரி என் கடை முக்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். நாலாவதாக வந்தது ஒரு பேருந்து ஓட்டுநரின் குடும்பம். ஓட்டுநரின் அம்மாவும் வந்திருந்தார். அந்த அம்மா மாடி வரை போய் இறங்கி வந்து, மூன்றாம் படியில் சௌகரியமாக உட்கார்ந்து, "இந்த வீட்டை எடுத்துருப்பா, எனக்குக் கால் வலிக்கல" என்றார். பேரம் இரண்டே நாளில் முடிந்தது. அறுபத்திரண்டரை. ஐம்பத்திரண்டு இடத்துக்கு, மீதி கட்டடத்துக்கு என்று டேப்பம்மா ஒரு துண்டுத் தாளில் தனியாக எழுதி மேஸ்திரியின் சட்டைப் பையில் வைத்தார். கேட்காமலேயே செய்தார். மேஸ்திரி அந்தத் தாளை அன்று முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்குத்தான் மண்டை குடைச்சல் தாங்கவில்லை. அக்கா இப்போது வலியில்லாமல் ஏறுகிறார். டாக்டரே பார்த்தாலும் பரவாயில்லை என்பார். முன்பணம் இன்னும் வாங்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்த வீடு, என் கடைக்கு எதிரிலேயே இருக்கிற வீடு. நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அக்கா கடைக்கு வந்ததும், மேஸ்திரி முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"அக்கா, இவ்வளவு நல்ல படி வந்துருச்சே. இன்னும் எதுக்கு விக்கணும்?"

மேஸ்திரி தலை நிமிர்ந்தார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா என் மேசைமேல் கிடந்த ஓட்டுநரின் சீருடைச் சட்டையை எடுத்து மடித்தார். முதல் முறையாக எங்கள் கடைக்கு வந்திருந்த துணி. "இது எனக்கு வந்த படி இல்ல தங்கச்சி. நான் ஏறினப்ப வரல, என் முட்டி போனப்ப வரல. வாங்கறவங்க ஏறமாட்டாங்கன்னு அந்தம்மா சொன்னாங்க பாரு, அடுத்த நாள் காலையில வந்துச்சு. வாங்கறவங்களுக்கு வந்த படியில நான் எதுக்கு ஏறணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. மூன்றாவது வீட்டு விலையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். மேஸ்திரி முக்காலியை விட்டு எழுந்து, பள்ளம் மூடிய தெருவில் எங்கோ நடந்து போனார். என் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்ததை மறந்து ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டேன். அதற்கு நான்தான் ஈடு கொடுத்தேன்.

கம்பவுண்டர் சொன்ன நாலு மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது எழுத்து வேலையெல்லாம் முடிந்தது. அந்த ஆறு நாளும் மேஸ்திரி காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். சாமான் ஏற்றும் வேலையெல்லாம் அக்காவின் தலையில். கேட்டால், புது வீட்டில் சின்ன வேலை என்பார். சாமான்தான் எல்லாம் கொடுத்தாயிற்றே, எதை வைத்து வேலை என்று கேட்டதற்கு, ஒரு கரணையும் ரசமட்டமும் மிச்சம் வைத்திருக்கிறேன் என்றார்.

குடிபோகிற அன்று வானம் மூடிக்கொண்டு இருந்தது. மழைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். ஜன்னல் திரைகளைத் தேய்த்து மடித்து நானே தலையில் வைத்துக்கொண்டு அக்காவோடு நடந்தேன். வழி நெடுக அக்கா ஒவ்வொரு வீட்டையும் காட்டி, இது கேட்டது இவ்வளவு, முடிந்தது இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தார். டேப்பம்மா இவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் வீட்டு வாசலில் ஒரே படிதான் இருந்தது என்று சொன்னேன் அல்லவா. நல்ல உயரமான படி, ஒன்பது அங்குலம். இப்போது அங்கே இரண்டு படி இருந்தன. பழையதை உடைத்துவிட்டு, வாசல் அகலத்துக்கு இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தார். சிமெண்ட் இன்னும் ஈரமாக, பச்சையாக இருந்தது. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து ஓரத்தைக் கரணையால் தடவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி மறித்தார். நேற்றே முடித்திருப்பேன், கலவை வர நேரமாகிவிட்டது, இன்றைக்கு மட்டும் பின்வாசல் வழியாகப் போங்கள், நாளை மிதிக்கலாம் என்றார்.

அக்கா நின்றார். அந்த இரண்டு படியையும் வெகுநேரம் பார்த்தார். யாரும் விலை சொல்லாத படி. யாரும் அதைப் பார்த்து அந்த வீட்டை வாங்கப் போவதில்லை. பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கி, சரியில்லாத அந்த வலது காலை மெல்ல உயர்த்தி, ஈரச் சிமெண்டுக்கு மேலே பிடித்தார்.

"மிதிச்சிராத" என்றார் மேஸ்திரி. ஈரப் பூச்சில் கோழி நடந்தாலே கத்துகிற ஆள் அவர்.

"அப்ப சொல்லுங்க. எனக்குக் கால் குட்டையா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் திரைத்துணி மூட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றேன். அந்த இடத்தைவிட்டு என்னை யானை வைத்து இழுத்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன். அக்காவின் கால் லேசாக நடுங்கத் தொடங்கியது. ஆனாலும் இறக்கவில்லை.

"இல்ல" என்றார் மேஸ்திரி.

"அப்புறம்?"

"படிதான் உசரம். பலகை வைக்க இடம் வேணும்னு குறுக்கிப் போட்டேன். போட்டு முடிச்ச அன்னைக்கே தெரியும் தப்புன்னு. உடைக்க மனசு வரல." கரணையைக் கீழே வைத்தார். "உனக்குக் கால் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன்."

தூறல் விழ ஆரம்பித்தது. மேஸ்திரி பக்கத்தில் கிடந்த சாக்கை எடுக்கக்கூட நகரவில்லை. அக்கா உயர்த்திய காலை மெதுவாகப் பின்னால் எடுத்து, தரையில் ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, மூடுங்க. காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசலைப் பார்த்து நடந்தார்.